தீவகத்துத் தெருக்களில் ஓடிய லொறிகள்: அடையாளமும் நினைவும்

யாழ்ப்பாண முஸ்லிம்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை ஓரளவுக்கு வாசித்தவன் என்ற வகையில் ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. புலவர்களைப் பற்றி எழுதியிருக்கிறோம். அசனாலெப்பைப் புலவரை விட்டுவிட்டு எந்த மலரும் வெளிவந்ததாக எனக்கு நினைவில்லை. பள்ளிவாசல்களின் வரலாறு, ஒஸ்மானியாக் கல்லூரியின் தோற்றம், காதிமார், நகரசபைக்குப் போனவர்கள் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் பதிவாகி இருக்கின்றன. 1990இன் வெளியேற்றம் பற்றி, காலந்தாழ்ந்தேனும், நிறையவே எழுதப்பட்டுள்ளது. லொறியைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் இல்லை. சோனகதெருவில் லொறியோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பில்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சொந்தக்காரர், றைவர், கிளீனர், உதிரிப்பாகக் கடைக்காரர், பழைய இரும்பு வாங்குபவர், படங்கு தைப்பவர் என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். அப்படியிருந்தும் லொறி நமக்கு வரலாறாகத் தெரியவில்லை.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. தமிழ் சிறப்புக் கலைமாணிக்கு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய வருடம் நான் ஒரு பதிகத்தைத் தெரிவு செய்து அதன் யாப்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்போது நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். வாப்பா ஒருநாள் கேட்டார்: "ஏன் மகன், எங்கட லொறியளப் பத்தி எழுத ஏலாதா? அதுக்கும் பட்டம் குடுப்பாங்களா?" நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது சுடுகிறது. வாப்பா மர்ஹூமாகிப் பல வருடங்கள். கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் விட்டதை, இன்று எண்பது வயதுக்காரர்களின் திண்ணைகளில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொடங்கியது ஒரு மாணவனின் கட்டுரையில். தீவகத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். தினமும் காலையில் பண்ணைத் தாம்போதியால் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புவேன். ஒன்பதாம் வகுப்புக்கு 'எமது வளவு' என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். மாமரம், கிணறு, ஆட்டுக்கொட்டில் என்று வழமையானவைதான் வந்தன. ஒரு பையன் மட்டும், "எங்கள் வளவின் பின்பக்கத்தில் ஒரு லொறி செத்துக் கிடக்கிறது. அதற்குள் கோழி முட்டையிடும்" என்று எழுதியிருந்தான். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். நாயுண்ணிப் பற்றைக்குள் ஒரு சட்டகம். முன்முகம் இருக்கிறது. என்ஜின் இல்லை, சில்லு இல்லை, பெயர்ப்பட்டயம் கழற்றப்பட்டிருக்கிறது. பெட்டியின் பலகைகளில் பாதி விறகாகப் போய்விட்டது.

பையனின் தாத்தா சொன்னார்: "போர் முடிஞ்ச பிறகு இரும்புக்காரர் எத்தினை பேர் வந்து கேட்டவை. நான் குடுக்கேல்லை. ஆற்றையோ சோனக ஆக்களின்ரை லொறி எண்டு கேள்வி. ஆரும் தேடி வந்தாலெண்டு விட்டிட்டன்."

2009க்குப் பிறகு வடக்கில் பழைய இரும்பு வாங்க வந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். புத்தளத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்து, தராசில் நிறுத்து, வெட்டி ஏற்றினார்கள். அது ஹலாலான தொழில், குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நம் பாட்டன்மாரின் லொறிகளை இரும்பாக நிறுத்து உருக்குலைக்கு அனுப்பியதில் நம் கையும் இருந்தது என்பதை இந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது. நம்முடைய சான்றைப் பாதுகாத்து வைத்திருந்தவர் வேலணைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர்.

இனி அடையாளம் காணும் பிரச்சினைக்கு வருகிறேன். வெளியாட்கள் நினைப்பதுபோல் இது லேசான காரியமில்லை. பிரித்தானிய ஆட்சியிலும் அதற்குப் பின்னும் இலங்கைக்கு வந்த லொறிகளில் பெரும்பகுதி இங்கிலாந்துத் தயாரிப்பு. பெட்போர்ட், ஒஸ்ரின், மொறிஸ், கொமர், லேலண்ட், அல்பியன் என்ற பெயர்களை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். ஆனால் கப்பலில் வந்தது அடிச்சட்டமும் முன்பகுதியும்தான். பின்னாலுள்ள பெட்டியை இங்குள்ள தச்சாசாரிமார் முதிரையிலும் பாலையிலும் செய்து பூட்டினார்கள். ஆகவே பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பார்த்து இது என்ன லொறி என்று சொல்ல முடியாது. என்ஜினை நம்பவும் முடியாது. பெற்றோல் என்ஜினோடு வந்த லொறிக்குப் பின்னர் பேர்க்கின்ஸ் டீசல் என்ஜினை இறக்குவது உலகெங்கும் இருந்த வழக்கம், இங்கும் அப்படியே. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியாகச் சேர்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசம்: ஒரே லொறி, ஒரே முகம், ஒன்றில் ஒஸ்ரின் பட்டயம், மற்றதில் மொறிஸ் பட்டயம். பட்டயத்தைக் கழற்றிவிட்டால் தாய்க்கும் பிள்ளை தெரியாது.

பெட்போர்ட்டை முன்முகத்தால் பிரித்தறியலாம். வொக்ஸ்ஹோல் கம்பனி லூற்றன் நகரில் 1931 முதல் இந்தப் பெயரில் லொறி செய்தது. லூற்றன் இருக்கும் மாவட்டத்தின் பெயரால் வந்தது பெட்போர்ட். 1939இல் வந்த 'ஓ' வகைக்கு ஒடுங்கிய மூக்கு, மட்காட் வேறாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 1950இல் வந்த 'எஸ்' வகைக்கு மூக்கே இல்லை. 1953இல் 'ஏ' வகை, 1957இல் அதைத் திருத்திய 'டி' வகை, 1958இல் 'ரி.ஜே.' என்று சொல்லப்படும் வகை. இந்தக் கடைசிதான் நாங்கள் சிறுவயதில் 'மூக்கு பெட்போர்ட்' என்று சொன்னது. 1960இல் 'ரி.கே.' வந்தது. அது மூக்கில்லாத பெட்போர்ட், என்ஜின் றைவரின் ஆசனத்துக்குப் பின்பக்கமாக இருக்கும். இவ்வளவும் தெரிந்தால் அரைவாசி வேலை முடிந்தது. இதெல்லாம் ஒரு தமிழ் வாத்தியாருக்கு எதற்கு என்று என் மனைவி கேட்கிறா. சுவடியில் எழுத்தின் கொம்பையும் காலையும் பார்த்துக் காலம் கணிப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் அனுபவசாலிகளுக்கு முகம் தேவையில்லை. வாப்பாவின் லொறியில் நெடுங்காலம் றைவராக இருந்த ஐயா ஒருவர் வேலணையில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் இரண்டும் மங்கல். பற்றைக்குள் கிடந்த லொறியின் படத்தை அவருக்கு விவரித்து, கொமராக இருக்குமோ என்று கேட்டேன்.

"கொமர் எண்டால் உந்த வளவுக்காரருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்குமே தம்பி. பண்ணையில வரேக்கையே வேலணையில ஆக்கள் எழும்பிவிடுவினம். அதின்ரை சத்தம் வேறை" என்றார். பிறகு நாக்கை அண்ணத்தில் அடித்து அந்தச் சத்தத்தைச் செய்தும் காட்டினார். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த மகள் சிரிக்கத் தொடங்கிவிட்டா.

அவர் சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. 1954இல் கொமர் லொறிகளுக்கு வந்த 'ரி.எஸ்.3' என்ற டீசல் என்ஜின் ஒரு விநோதப் பிறவி. மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்ரன். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்ரன்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று முட்ட வருவதுபோல் வேலை செய்யும், இரண்டடி என்ஜின் வேறு. அதனால் சாதாரண டீசலுக்கு இல்லாத ஒரு குரைப்புச் சத்தம். இங்கிலாந்திலும் அதைச் சத்தத்தால்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு புதிரும் ஐயாவால் தீர்ந்தது. நயினாதீவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு முதியவரைச் சந்தித்தபோது, தன் சிறுவயதில் குறிகாட்டுவானுக்குச் 'சூரியன் லொறி' ஒன்று வரும் என்றார். சொந்தக்காரரின் பெயரோ அல்லது கடையின் பெயரோ என்று நான் மாதக்கணக்காகத் தேடினேன். ஐயா ஒரே வசனத்தில் முடித்தார்: "அல்பியன். மூஞ்சியில சூரியன் எழும்பிற படம் கிடக்கும்." ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செய்யப்பட்ட அல்பியனுக்கு உதயசூரியன்தான் சின்னம். இப்படி நாட்டுப் பெயர்களின் வழியாகக் கம்பனியைக் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

எழுத்துச் சான்று என்று ஒன்று உண்டென்றால் அது இலக்கத் தகடு. எங்கள் வீட்டு அல்பத்தில் தப்பிய படங்கள் மூன்றே மூன்று. உம்மா அவற்றைக் குர்ஆனின் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்ததால்தான் அவையும் தப்பின. அதில் ஒன்றில் மூத்தாப்பா ஒரு லொறியின் முன்னே தொப்பியோடு நிற்கிறார். "யுத்தம் முடிஞ்ச கையோட வெள்ளக்காரன்ட ஏலத்தில எடுத்த லொறி" என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை. நானும் அப்படியே நம்பி ஒரு கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது தகட்டில் இலக்கத்துக்கு நடுவே ஒரு 'ஸ்ரீ' தெரிந்தது. அதுவும் சிங்கள ஸ்ரீ அல்ல. தூரிகையால் கோணலாக எழுதிய தமிழ் ஸ்ரீ.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முன் வாகன இலக்கங்கள் ஆங்கில எழுத்துகளோடு வந்தன. 1957இல் புதிதாகப் பதியப்படும் வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958இல் புதிய ஸ்ரீத் தகடுகளோடு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் வடக்குக்கு வந்தபோது எதிர்ப்புப் பெரிதாகி, சிங்கள எழுத்துக்குத் தார் பூசித் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. அந்த ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது, மே மாதத்தில் கலவரம்.

ஆகவே மூத்தாப்பாவின் லொறி உலக யுத்தத்து ஏலத்தில் எடுத்ததாக இருக்க முடியாது. அது 1957க்குப் பின் பதியப்பட்டது. முன்முகத்தில் தெரியும் அளவைக் கொண்டு அதை 'டி' வகைப் பெட்போர்ட் என்று கொள்கிறேன். யுத்தத்து லொறி ஒன்று அதற்கு முன்பு இருந்திருக்கலாம், அது இதுவல்ல. இதைச் சொன்னபோது சாச்சா ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சவங்கள் எல்லாத்தையும் இல்லையெண்டு சொல்லத்தானே படிக்கிறீங்க" என்றார்.

அந்தத் தமிழ் ஸ்ரீ எனக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மூத்தாப்பா அரசியல்வாதி அல்ல. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் நின்ற லொறியில் தமிழ் எழுத்து இருந்தது. அதே லொறி கொழும்புக்குப் போக வேண்டும். உம்மம்மா சொல்லும் கதைப்படி, லொறியில் இரண்டு பலகை இருந்ததாம்: ஆனையிறவு தாண்டினால் ஒன்று, இங்கால் வந்தால் மற்றது. வடக்கு முஸ்லிமின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஒரு வசனத்தை நான் எந்த ஆய்வு நூலிலும் வாசிக்கவில்லை.

இந்த லொறிகள் எதை ஏற்றின? தீவகம் என்றால் முதலில் புகையிலை. வேலணை, புங்குடுதீவுப் புகையிலைச் சிப்பங்கள் தெற்கே சுருட்டுக் கடைகளுக்குப் போயின. நெடுந்தீவிலிருந்து வள்ளங்களில் வந்து இறங்கும் கருவாடு, ஒடியல், புழுக்கொடியல், ஆடு. ஊர்காவற்றுறைப் பக்கம் பழைய இரும்பு. யாழ்ப்பாணத்துக்குள் வந்ததும் மேலே வெங்காயமும் செத்தல் மிளகாயும் ஏறும். ஏ-9 வழியாகக் கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ஒரு இரவுப் பயணம். விடியப்புறம் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மிளகாயும் வெங்காயமும் இறங்கும். திரும்பி வரும்போது பழைய சோனகத் தெருவில் ஆணி, தகரம், பெயின்ற், குழாய். பஞ்சிகாவத்தையில் லொறிக்கே வேண்டிய உதிரிப்பாகம். சீனி, பருப்பு, துணிமணி. பெருநாள் நெருங்கினால் றைவர் சீற்றுக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு பொதி இருக்கும். அந்தப் பொதியின் டீசல் மணம் எனக்குப் புத்தாடை மணம்.

கம்பனி என்று சொல்லத்தக்க பெரிய நிறுவனங்கள் இதில் குறைவு. பஸ்கள் 1958 ஜனவரியில் அரசுடைமையான பிறகும் லொறி தனியாரிடமே இருந்தது. ஒருவருக்கு ஒரு லொறி, மிஞ்சினால் இரண்டு, மச்சானோடு பங்கு. கணக்கு ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில். வாக்குத்தான் பற்றுச்சீட்டு. நிறுவனம் இல்லாததால் ஆவணமும் இல்லை. இந்தத் துறையின் வரலாறு எழுதப்படாமல் போனதற்கு இதுதான் முதற் காரணம் என்பது என் கருத்து.

1970 முதல் 1977 வரையான காலத்தைப் பற்றித்தான் முதியவர்கள் அதிகம் பேசுகிறார்கள். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராது தடுத்ததால் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் காசு கண்ட காலம் அது. லொறிக்கும் ஓய்வில்லை. ஆனால் அதே இறக்குமதிக் கட்டுப்பாட்டால் லொறிக்குச் சாமான் வராது. இரண்டு செத்த லொறியில் ஒரு உயிருள்ள லொறி செய்வது என்ற வித்தை அப்போதுதான் முதிர்ந்தது. ஸ்ரான்லி வீதிப் பக்கத்து இரும்புக் கடைகளில் பழைய ஸ்பிரிங் பிளேற்றுகள் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். ஒரு வகைப் பெட்போர்ட்டின் சட்டத்தில் வேறொரு லொறியின் கியர்ப்பெட்டி பொருந்தும் என்பதும், எந்தத் துளையைப் புதிதாகத் துளைக்க வேண்டும் என்பதும் எழுதப்படாத பாடத்திட்டம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, யப்பான் இசுசுக்கள் வந்து குவிந்தன. இந்தியாவின் ரற்றாவும் ஏற்கெனவே தெருவில் நின்றது. 1954இல் பென்ஸ் கம்பனியோடு சேர்ந்து லொறி செய்யத் தொடங்கிய ரற்றா, 1969இல் அந்த உடன்பாடு முடிந்த பிறகு தன் எழுத்தைப் போட்டுக்கொண்டது. ஆனால் யாழ்ப்பாணத்தான் கடைசிவரை அதை 'ரற்றா பென்ஸ்' என்றுதான் சொன்னான்.

வேலணை ஐயா ஒரு விடயத்தை முதல் இரண்டு சந்திப்பிலும் சொல்லவில்லை. மூன்றாம் முறை போனபோது சொன்னார். 1983 ஜூலைக்குப் பிறகு அவர் கொழும்புக்குப் போகப் பயந்தாராம். "வேலையை விடுறன் எண்டு உங்கட வாப்பாட்டைச் சொன்னனான். அவர் சொன்னார், நீ வவுனியா மட்டும் ஓட்டு, அங்கால நான் பாக்கிறன். வவுனியாவில இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடைப் பெஞ்சில படுத்திருப்பன். ரெண்டாம் நாள் லொறி திரும்பி வரேக்கை ஏறி நான் கொண்டு வருவன். சம்பளத்தில ஒரு சதம் குறைக்கேல்லை." எத்தனை வருடம் என்று கேட்டேன். "நீங்கள் போகுமட்டும்" என்றார்.

'நீங்கள் போகுமட்டும்' என்று சொன்னவர் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இது பற்றிப் பேராசிரியர் ஹஸ்புல்லா போன்றவர்கள் விரிவாக எழுதிவிட்டதால் இங்கே மீண்டும் எழுதவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. லொறி பற்றிய கட்டுரையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. லொறிக்காரரின் பிள்ளைகள் வேறு யாருடையவோ லொறியில் நின்றுகொண்டு போனோம். எங்கள் லொறி முற்றத்தில் நின்றது. வாப்பா அதன் திறப்பைக் கதவு நிலைக்கு மேலே வைத்துவிட்டு வந்தார், வழமையாக வைக்கும் இடத்தில். 2002 ஏப்ரலில் ஏ-9 திறந்தபோது நான் தனியே வந்து பார்த்தேன். லொறி நின்ற இடத்தில் ஒரு வேம்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது.

நாங்கள் இல்லாத அந்தப் பன்னிரண்டு வருடம் யாழ்ப்பாணத்து வாகனங்களுக்கு விசித்திரமான காலம். பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் இல்லை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய என்ஜின் என்பதால்தான் அது தாங்கியது, புதிய காருக்கு இந்த வைத்தியம் சரிவராது. மண்ணெண்ணெய்ப் புகை மணந்தால் ஐம்பது வயதுக்காரர் இன்றும் தொண்ணூறுகளுக்குப் போய்விடுகிறார்கள். இது நான் வாழாத காலம், ஆகவே கேட்டதோடு நிறுத்துகிறேன்.

பற்றைக்குள் கிடந்த லொறியின் படத்தைப் பாரிசில் இருக்கும் புங்குடுதீவு நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். லா சப்பலில் கடை வைத்திருக்கிறார், வாகனப் பைத்தியம். அவர் பதிலுக்குச் சில படங்கள் அனுப்பினார். எல்லாம் பெர்லியே என்ற பிரெஞ்சு லொறியின் படங்கள். பிரெஞ்சு வாகனம் என்றால் எங்களுக்குப் பீஜோ கார்தான் தெரியும். பெர்லியே லியோன் நகரத்துக் கம்பனி. 1916இல் வெர்டன் சண்டையின்போது ரயில் பாதைகள் பயனற்றுப் போக, பார்-லெ-டுக்கிலிருந்து போன ஒரே தெருவால் இரவு பகலாகப் படையையும் உணவையும் ஏற்றியவற்றில் இந்த லொறிகளும் முக்கியமானவை. 1957இல் சகாராவின் எண்ணெய் வயலுக்கென்று 'ரி.100' என்ற இராட்சத லொறியைச் செய்தார்கள். அப்போது உலகிலேயே பெரியது அதுதான். மொத்தம் நான்கே நான்கு. கம்பனி பின்னர் கைமாறி, ரெனோவுக்குள் கரைந்து, பெயரும் மறைந்துவிட்டது. ஆனால் 1982இல் லியோனில் பெர்லியே குடும்பத்தார் ஒரு நிறுவகத்தை அமைத்து லொறிகளையும் வரைபடங்களையும் கடிதங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யாராவது ஒரு துருப்பிடித்த முன்முகத்தின் படத்தைக் கொண்டுபோனால் இன்ன வருடம், இன்ன வகை என்று சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்களாம்.

நண்பர் கீழே எழுதியிருந்தார்: "மாஸ்டர், அவங்கள் அந்தத் தெருவை இண்டைக்கும் புனிதத் தெரு எண்டுறாங்கள். நாங்கள் ஏ-9ஐ என்னெண்டு சொல்லிறது?"

நம்மிடம் மறதி மட்டுமே இருக்கிறது என்று சொல்லவும் மாட்டேன். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்ததை அந்த ஊரார் இன்றும் கொண்டாடுகிறார்கள். கடலில் போனதை நினைவில் வைத்தோம். தரையில் போனதை விட்டுவிட்டோம். ஐயாவின் கூற்றுப்படி தீவகத்தில் சில லொறிப் பெட்டிகளைச் செய்தவர்கள் வத்தை கட்டும் ஓடாவிமார்தான். அதனால்தான் மூலைப் பலகைகளை வள்ளத்துக்குப் பொருத்துவதுபோல் பொருத்தியிருப்பார்களாம்.

அதைக் கேட்ட பிறகு இரண்டாம் தடவை அந்த வளவுக்குப் போனேன். இம்முறை முகத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தேன். பையனும் அவனுடைய தாத்தாவும் கத்தி கொண்டுவந்து நாயுண்ணியை வெட்டித் தந்தார்கள். முன்முகம் சந்தேகமில்லாமல் 'மூக்கு பெட்போர்ட்', அதாவது 1958க்குப் பிந்திய 'ரி.ஜே.'. வாப்பாவின் லொறியும் அதே வகை. மூலைப் பலகை வள்ளப் பொருத்து. என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வாப்பா எந்த லொறியை வாங்கினாலும் றைவரின் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள பலகையின் உட்பக்கத்தில் ஆணியால் 786 என்று கீறுவார். அதை நான் சிறுவயதில் விரலால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன்.

தாத்தா ரோர்ச் அடித்தார். கோழி ஒன்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. பலகையில் மூன்று இலக்கம் இருந்தது. 786தான்.

ஆனால் வாப்பா ஓதப்பள்ளியில் இலக்கம் படித்தவர். அவர் அரபு இலக்கத்தில்தான் கீறுவார்: ஏழு கவட்டைத் தடி போல, எட்டு வீட்டுக் கூரை போல. இங்கே இருந்தது பள்ளிக்கூடத்து ஏழும் எட்டும். ஆறின் வால் மட்டும் நீட்டி இழுக்கப்பட்டிருந்தது.

"உங்கடை தானோ மாஸ்டர்?" என்று தாத்தா கேட்டார். எங்களுடையது இல்லை, எங்கள் தெருவில் ஒருவருடையது என்றேன். "அப்ப கிடக்கட்டும்" என்றார்.

அந்த மூன்று இலக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆறின் வாலை அப்படி இழுப்பவர் யார் என்று சோனகதெருவில் இரண்டு பேரிடமும் புத்தளத்தில் ஒருவரிடமும் இன்னும் காட்ட வேண்டியிருக்கிறது. புத்தளத்துக்காரருக்குத் தொண்ணூறு வயது. இந்த விடுமுறைக்கு முதலில் அவரிடம் போகிறேன்.